ஓரச் சீட்டு

கும்மிடிப்பூண்டியில் படம் பார்க்கப் போனால் அப்பா இடப்பக்கக் கடைசி சீட்டில்தான் உட்காருவார். நடுவில் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் அங்கே போகமாட்டார். சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் இருபத்தாறு வருடம் நின்றவர். மெஷின் அவருக்கு இடப்பக்கம் ஓடியது; இடது காது முக்கால்வாசி போய்விட்டது. இடது ஓரத்தில் உட்கார்ந்தால் மிச்சமிருக்கும் வலது காது அரங்கைப் பார்த்து இருக்கும் என்பது அவர் கணக்கு. தவிர, சி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் பக்கம் சாய்ந்து, "என்னடா சொன்னான்?" என்பார். நான் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். இப்படி இரண்டு பேருமாகப் பாதிப் பாதியாகப் பார்த்த படங்கள் நிறைய.

பிறகு நான் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஒலிக்கலவை (மிக்ஸிங்) அரங்கில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எட்டு வருடம், மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய் அங்கிருந்து பஸ். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, அப்பாவின் சீட்டைப் பற்றியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மிக்ஸிங் மென்பொருளில் பேனர் என்று ஒரு சன்னல் உண்டு. (தலைவர் பிறந்தநாளுக்கு ரோட்டில் கட்டுகிறார்களே, அது இல்லை.) ஒரு சதுரம், அதுதான் தியேட்டர். மேல் விளிம்பில் திரைக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஒலிபெருக்கிகள்: இடது, நடு, வலது. கீழே இரண்டு பக்கமும் சரவுண்ட். சதுரத்துக்குள் ஒரு புள்ளி. புள்ளியை மவுஸால் பிடித்து எங்கே இழுக்கிறோமோ அங்கிருந்து சத்தம் வரும். ஹெலிகாப்டரைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவருவது, மழையை நாலாபக்கமும் தெளிப்பது எல்லாம் அந்தப் புள்ளியின் வேலை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க இதை வைத்து விளையாடுவார்கள். நானும் விளையாடினேன்.

அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில், யாரும் விளையாடாத ஒரு குமிழ் இருக்கிறது. புரோ டூல்ஸ் என்ற மென்பொருளில் அதற்கு 'சென்டர் பர்சென்ட்' என்று பெயர். புள்ளி திரையின் நட்டநடுவில் இருக்கும்போது இந்தக் குமிழ் 100இல் இருந்தால் சத்தம் நடு ஒலிபெருக்கியிலிருந்து மட்டும் வரும். 0இல் வைத்தால் நடு ஒலிபெருக்கி வாயை மூடிக்கொள்ளும். அதே சத்தம் இடதிலும் வலதிலும் சமமாகப் பிரிந்து ஒலிக்கும். வேடிக்கை என்னவென்றால், மிக்ஸிங் செய்பவர் தன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் குரல் நடுவிலிருந்துதான் வரும். பின்னதில் வருவது அங்கே இல்லாத ஒரு நடு. தொழிலில் இதைப் 'ஃபேன்டம் சென்டர்' என்பார்கள். பேய் நடு என்று நான் சொல்லிக்கொள்வேன்.

பேய் நடு எப்படி உண்டாகிறது? ஒரே சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் காதை எட்டினால், மூளை அது நேர் எதிரில் இருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. வீட்டு ஸ்டீரியோவில் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமில்லாத சுவரிலிருந்து பாடுவது இந்தச் சூட்சுமத்தால்தான். ஆனால் 'ஒரே நேரத்தில்' என்பது, இரண்டுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் பலிக்கும்.

அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமாராக நாற்பதடித் திரை. இடது ஒலிபெருக்கி அவருக்கு நேர் எதிரே இருபது அடியில் இருக்கிறது. வலது ஒலிபெருக்கி அவருக்கு நாற்பது அடி தூரம். ஒலி ஓர் அடியைக் கடக்க ஒரு மில்லி வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும். ஆக, வலதிலிருந்து வரும் குரல் பதினெட்டு மில்லி வினாடி தாமதமாக வந்து சேர்கிறது. மூளை முந்தி வந்ததன் பக்கம் சாய்ந்துவிடும். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் ஆய்வேட்டில் இதை அளந்து காட்டினார்: முப்பது மில்லி வினாடிக்குள் பின்தங்கி வரும் ஒலி பத்து டெசிபல் வரை கூடுதல் சத்தமாக இருந்தாலும்கூட, முதலில் வந்தது எந்தத் திசையோ அந்தத் திசையிலிருந்துதான் கேட்பதாக நமக்குப் படும். நடுச் சீட்டுக்காரருக்கு நாயகன் வாயிலிருந்து வரும் வசனம், அப்பாவுக்கு இடது மூலையிலிருந்து வரும். கூடவே பின்தங்கி வந்த வலது குரல் அதன்மேல் ஒட்டிக்கொண்டு சொல்லைக் கலங்கடிக்கும்.

இப்போது அவர் கணக்குக்கு வருகிறேன். வலது காதை அரங்கின் பக்கம் திருப்பி வைத்தாரே, அந்தத் தந்திரம் எப்போது வேலை செய்யும்? குரல் உண்மையிலேயே திரையின் நடுவிலிருந்து, அவருக்கு வலப்பக்கத்திலிருந்து, புறப்பட்டால்தான். நடு ஒலிபெருக்கி என்ற மரப்பெட்டி அங்கே இருந்து பேசினால்தான். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பெட்டி இல்லாமலும் நடக்கும். அதைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது ஓரச் சீட்டுக்காரர்களுக்காக.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1933 ஏப்ரல் 27 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, அதைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்கத்தில் ஒலிக்கவைத்தார்கள் பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். மேடையில் இசைக்கலைஞர் ஒருவரும் இல்லை, ஒலிபெருக்கிகள் மட்டும். அப்போதே மூன்று தடம் வைத்திருந்தார்கள்: இடது, நடு, வலது. பெரிய கூடத்தில் இரண்டு போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வீட்டுக்கு ஸ்டீரியோ வந்தபோது இரண்டாகச் சுருங்கியதற்குக் காது காரணம் இல்லை. இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்தான் உண்டு. சுவருக்கு ஒரு தடம். அவ்வளவுதான் சங்கதி.

நம் ஊரில் திரைக்குப் பின்னால் நெடுங்காலம் ஒரே ஒரு தடம்தான். மோனோ என்றால் எல்லாமே நடு. 1986இல் 'மாவீரன்' 70 எம்எம்மில் வந்தபோது ஆறு தடம் வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆரில் வந்தது, பி.சி.ஸ்ரீராம் இயக்கிய படம். அடுத்த வருடம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ் என்ற டிஜிட்டல் ஒலியில் வந்தது. அந்த நாட்களில் தியேட்டர்காரர்கள் படத்தின் பெயரைவிட டி.டி.எஸ் என்ற மூன்றெழுத்தைப் பெரிதாகப் போஸ்டரில் போட்டார்கள். ஜனங்களும் பின்சுவரிலிருந்து சத்தம் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். 2012 கடைசியில் 'சிவாஜி 3டி' டால்பி அட்மாஸில் வந்தபோது தலைக்கு மேலிருந்தும் சத்தம் இறங்கியது. இத்தனை மாற்றத்திலும் வசனம் மட்டும் இடம் மாறவில்லை. அறுபத்துநான்கு ஒலிபெருக்கி இருக்கிற கூடத்திலும் கதாநாயகி பேசுவது அந்த ஒற்றை நடுப்பெட்டியிலிருந்துதான்.

டால்பி ஸ்டீரியோவில் ஒரு விசித்திரம் உண்டு. பிலிம் ஓரத்தில் இடம் இருந்தது இரண்டு தடத்துக்குத்தான். நான்கை அதற்குள் மடித்துவைத்தார்கள். நடுத்தடத்தை மூன்று டெசிபல் குறைத்து, இடதிலும் வலதிலும் சமமாகக் கலந்துவிடுவார்கள். தியேட்டரில் இருக்கும் கருவி, இரண்டிலும் ஒரேபோல இருப்பது எதுவோ அதைப் பிரித்தெடுத்து நடு ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அதாவது பிலிமில் பேய் நடுவாகப் பயணம் செய்து வந்து, தியேட்டரில் உடம்பெடுக்கும். எச்.ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்கள் இந்தக் குறுகலான பாதையில் வேலை செய்து பழகியவர்கள். ஸ்ரீதர் 'மகாநதி', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று தேசிய விருதுகள் வாங்கியவர். 2008இல், இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டிய வயதில், போய்விட்டார். சென்னையின் மிக்ஸிங் அரங்குகளில் இன்றும் வசனத் தெளிவு பற்றிப் பேச்சு வந்தால் அவர் பெயர் வந்துவிடும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கிருந்த சந்தேகம் வேறு. ஆள் திரையின் இடது கோடியில் நிற்கிறான். குரலை ஏன் நடுவிலேயே வைக்கிறோம்? புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன? என் சீனியரிடம் கேட்டேன். "நகர்த்திப் பார்" என்றார். நகர்த்தினேன். அடுத்த ஷாட்டில் அதே ஆள் வலது கோடியில். குரல் தாவியது. அதற்கடுத்தது குளோசப், மறுபடி நடு. மூன்று வெட்டுக்குள் வசனம் தட்டாமாலை சுற்றியது. அகலத் திரை வந்த தொடக்க காலத்தில் ஹாலிவுட்டில் இப்படி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் கைவிட்டார்கள். நடுவில் வைத்துவிட்டால் மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்கிறது. உதடு எங்கே அசைகிறதோ அங்கிருந்துதான் குரல் வருவதாக நாமே ஒட்டவைத்துக்கொள்கிறோம்.

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத்துணி, பின்னால் விளக்கு, துணிக்குப் பின்னால் ஒரே ஆள். இராமன், இராவணன், மண்டோதரி, உச்சிக்குடும்பன் எல்லோருக்கும் அவர்தான் குரல். இராவணன் துணியின் வலது ஓரத்தில் இருப்பான். கூத்தாடி நடுவில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற குழந்தைக்கு இராவணனே பேசுகிறான். துணிக்குப் பின்னால் நடுவில் ஓர் ஆள் என்ற ஏற்பாட்டைத்தான் சினிமா, திரையில் பொடித் துளைகள் போட்டு, மரப்பெட்டியில் செய்துகொண்டிருக்கிறது.

பாட்டு வந்தால்தான் சண்டை. இசையமைப்பாளர் வீட்டில் பாட்டு இரண்டு ஸ்பீக்கரில் பிறக்கிறது. அங்கே பாடகர் குரல் பேய் நடுவில்தான் இருக்கும். அந்த மிதப்புதான் கேசட்டிலும் சிடியிலும் நமக்குப் பழகியது. மிக்ஸிங் அரங்கில் குரலைத் தனியாக எடுத்து நடு ஒலிபெருக்கியில் அறைந்தால் சொல் ஒவ்வொன்றும் கல்வெட்டு மாதிரி கேட்கும். ஆனால் வாத்தியம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பாட்டு இரண்டாகப் பிளந்துவிடும். 'பாட்டு நான் போட்ட மாதிரி இல்லையே' என்று அங்கிருந்து போன் வரும். முழுக்க 0இல் வைத்தால் இசையமைப்பாளருக்குச் சந்தோஷம், ஓரச் சீட்டுக்காரனுக்குப் பாடகி சுவரோரம் போய்விடுவாள். ஆகவே குமிழை எங்கேயோ நடுவாந்தரமாக வைத்து, குரலின் எதிரொலியை மட்டும் இடம் வலம் பரப்பி ஒப்பேற்றுவோம். பேய் நடுவுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு காதும் இரண்டு பெட்டிகளையும் கேட்கிறது. தூரத்துப் பெட்டியின் ஒலி கால் மில்லி வினாடி பிந்தி வந்து, 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன்னைத்தானே தின்றுவிடுகிறது. அது மெய்யெழுத்துகள் புழங்கும் இடம்.

மெய்யெழுத்து என்றதும் மறுபடி மில்லுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரைச்சலால் போகும் காது எல்லா ஒலியையும் ஒரேயடியாக இழப்பதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் குழி விழுகிறது. உயிரெழுத்துகள் கீழே, தடித்த குரலில் இருப்பதால் தப்பிவிடும். க, ச, த, ப என்பவற்றைப் பிரித்துக்காட்டும் சின்ன வெடிப்புகள்தான் முதலில் மங்கும். அப்பாவுக்குப் படம், கடம், தடம் மூன்றும் ஒன்றுதான். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. "சத்தமா பேசாதே, தெளிவா பேசு" என்று அவர் கோபப்படுவதன் அர்த்தம் எனக்கு ஸ்டுடியோவில்தான் விளங்கியது.

எட்டு மணி நேர வேலைக்குத் 90 டெசிபல் என்பது அப்பா காலத்துத் தொழிற்சாலை விதிகளில் இருந்த வரம்பு. இரைச்சலால் காது போவது தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. கம்பி உருட்டும் கூடத்தில் பழைய ஆட்களுக்குக் காதடைப்பான் என்பது வேட்டி நுனியில் கிழித்த துணி அல்லது பஞ்சு. இன்று அங்கே நிற்கும் பையன்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் நடப்பார்கள். அவர்கள் போனில் ஓடுவதும் பெரும்பாலும் நம் படம்தான், இந்தியில்.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நடுத்தடத்தின் இன்னொரு குணம் தெரியும். படத்தை வேறு மொழிக்கு விற்கும்போது 'எம் அண்ட் இ' என்று ஒரு தடத்தொகுப்பு கொடுக்க வேண்டும்: இசையும் இதர சத்தங்களும் மட்டும், வசனம் கிடையாது. இடது, வலது, சரவுண்ட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நடு மட்டும் காலியாகும். அதுவும் முழுக்கக் காலியாவதில்லை. வசனத்தோடு பதிவான செருப்புச் சத்தம், வளையல் சத்தம் எல்லாம் அதோடு போய்விடும் என்பதால் ஃபோலி ஆட்கள் உட்கார்ந்து மறுபடி நடந்து, மறுபடி வளையல் குலுக்கி வைப்பார்கள். அந்தக் காலியிடத்தில் தெலுங்கு வந்து உட்காரும், அல்லது இந்தி. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே சண்டைக்காட்சி, ஒரே மழை, ஒரே பின்னணி இசை. ஆற்றுப்பாலம் ஒன்றிரண்டு தாண்டியதும் நடுப்பெட்டி மட்டும் வேறு மொழி பேசுகிறது. எங்கள் பக்கத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு எது தேவலை என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு.

எங்கள் ஊர் ஈழ அகதிகள் முகாமிலிருந்து வந்து என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் உண்டு. ஈழத் தமிழ் பேசும் ஒரு படத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன். வெளியே வந்து, "சத்தமெல்லாம் திறம். கதைக்கிறதுதான் உங்கட ஆக்கள்" என்றான். நடுவில் யார் குரல் என்பது எல்லோருக்கும் முதலில் காதில் படுகிறது.

சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு தடத்தையும் கோப்பாக எழுதும்போது வரிசையில் இரண்டு மரபு உண்டு. சினிமா வரிசையில் இடது, நடு, வலது என்று போகும். மற்ற வரிசையில் இடது, வலது, அதன்பிறகு நடு. நான் ஒரு நாள் மாற்றிக் கோத்துவிட்டேன். ரீல் ஓடியது, நாயகி பேசியது முழுக்க வலது மூலையிலிருந்து. சீனியர் அரை வினாடியில் நிறுத்தி, "ஃபிலிம் ஆர்டர், தம்பி" என்றார். திட்டவில்லை. பின்னால் சோபாவில் வலப்பக்கம் சாய்ந்திருந்த தயாரிப்பாளர் தரப்பு ஆள், எதற்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தியேட்டர் பக்கத்துத் தவறு இதைவிட மோசம். எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், பெயர் வேண்டாம், நடுப்பெட்டியின் மேல்பாகம் எரிந்துபோய் வாரக்கணக்கில் அப்படியே ஓடியது. கீழ்பாகம் உறுமிக்கொண்டிருந்தது. வசனம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல. ஆபரேட்டர் வால்யூமை ஏற்றினார். பாட்டும் சண்டையும் காதைப் பிளந்தன. சரவுண்டில் பொட்டு சத்தம் குறைந்தால் விசில் அடிக்கும் ஜனம் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பாதி பேர் கதையை ஊகித்துக்கொண்டார்கள். இடைவேளையில் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு எல்லாருக்கும் என் காது" என்றார்.

இப்போது சினிமா கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிட்டது. அய்யர்கண்டிகையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஃபிலிம் சிட்டி இருக்கிறது, எல்.இ.டி சுவரில் இமயமலையை வரவழைத்து அதன்முன் ஆளை நிறுத்திப் படமெடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பார்க்க மலைப்பாகத்தான் இருக்கிறது. அங்கே எடுத்த படத்துக்கும் வசனம் கடைசியில் ஒரு சின்ன அறையில், ஒரு குமிழின் முன்னால்தான் இடம் பிடிக்கும்.

அப்பா தியேட்டருக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் டிவிக்கு முன்னால் உட்காருகிறார். ஆறு தடமும் இரண்டாகச் சுருங்கும்போது நடுத்தடம் மறுபடியும் மூன்று டெசிபல் குறைந்து இரண்டு பக்கமும் கரைந்துவிடுகிறது. டிவியின் ஸ்பீக்கரோ தரையைப் பார்த்துப் பேசுகிறது. "என்னடா சொன்னான்?" தொடர்கிறது. இப்போது பேத்தி சொல்கிறாள்.

மிக்ஸிங் அரங்கில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசி ரீல் முடிந்து எல்லோரும் கைகுலுக்கும் முன், அந்த நாற்காலியை விட்டு எழுந்து இடது சுவரோரம் போய் நில்லுங்கள். இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் கேளுங்கள். சொல் புரிகிறதா பாருங்கள். புரியாவிட்டால் திரும்பி வந்து குமிழைத் தொடுங்கள்.